மடையைத் திறந்தது நான்தான்

வயலில் நிற்கிற தண்ணீரை வடித்துவிட்டால் மறுநாள் காலைக்குள் சேறு காய்ந்து, அதன்மேல் சைக்கிள் ஜோராக ஓடும் என்று நான் நம்பினேன். இதைச் சென்னைக்காரர் யாராவது நம்பியிருந்தால் மன்னித்துவிடலாம். நான் நாஞ்சில் நாட்டுக்காரன். கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு இரண்டு போகம் விளைகிற வயல்களுக்கு நடுவே பிறந்தவன். அப்பா வரப்பில் நின்று கத்தியதில் பாதி, மாட்டைப் பார்த்து. மீதி, என்னைப் பார்த்து.

தொளி என்று நாங்கள் சொல்கிற வயல் சேறு, மேலே தண்ணீர் நிற்கிறவரை இளகிக் கிடக்கும். கால் வைத்தால் வழிவிடும், எடுத்தால் விட்டுவிடும். தண்ணீர் வடிந்துவிட்டால் அதுவே கோந்து. காய்ந்து தரையாக நாலு நாள் வெயில் வேண்டும். எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். ஐம்பத்து மூன்று வயதான, மூக்குக் கண்ணாடி போட்ட, கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக உட்கார்ந்திருக்கிற எனக்கு மட்டும் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மறந்துவிட்டது.

காரணம், பயம். பயம் வந்தால் சிலருக்கு வாய் உலரும், சிலருக்கு வயிறு கலங்கும். எனக்கு மூளை உடனே லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

பயம் என் மனைவி பகவதியைப் பற்றி. அவள் நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாற்பத்தேழு வயது. மகள் காவ்யாவுக்கு வாங்கிய சைக்கிள் வீட்டில் துணி காயப்போடும் கம்பியாக ஓய்வு பெற்றிருந்தபோது, அதைத் துடைத்து எடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போக ஆரம்பித்தாள். பிறகு சுசீந்திரம் வரை, பிறகு கடற்கரை வரை. அவளைப் பார்த்து மகளுக்கு ரோஷம் வந்து, தனக்கு ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள். இதெல்லாம் எனக்குச் சந்தோஷம்தான். (வீட்டில் இரண்டு பேர் சைக்கிளில் போனால் ஸ்கூட்டர் எனக்கே எனக்கு.) ஆனால் ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில், "சைக்ளோகிராஸுக்குப் பேரு குடுத்துட்டேன். பொம்பளையளுக்குத் தனியா உண்டு. சனி, ஞாயிறு ரெண்டு நாளு" என்றாள்.

அது என்ன என்று விசாரித்தபோதுதான் எனக்குச் சோறு இறங்காமல் போனது. நல்ல ரோடு இருக்க, அதை விட்டுவிட்டு மணல், புல், மேடு, சேறு என்று சைக்கிள் போகக்கூடாத இடங்களாகப் பொறுக்கியெடுத்து ஒரு வட்டப் பாதை போடுவார்களாம். நடுவில் முழங்கால் உயரத்துக்குத் தடுப்பு வைப்பார்களாம். ஓட்ட முடியாத இடத்தில் குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமாம். (சைக்கிள் நம்மைச் சுமக்கத்தானே கண்டுபிடித்தார்கள் என்று கேட்டேன். ) இதை நடத்துகிற ஜெபசிங், மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். கல்ஃபில் வேலை பார்த்தபோது கூட வேலை செய்த வெள்ளைக்காரர்களிடம் பிடித்துக்கொண்டு வந்த வியாதி இது. ஊருக்கு வரும்போது மற்றவர்கள் சென்ட் பாட்டில் கொண்டு வந்தார்கள்.

இடம், இராஜாக்கமங்கலம் போகிற வழியில் தாணு அண்ணாச்சியின் தென்னந்தோப்பும் அதை ஒட்டிய வயலும். கன்னிப்பூ அறுத்து முடிந்து, அடுத்த உழவுக்கு முன்னால் வயல் தண்ணீரோடு சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற வயலில் சைக்கிள் விட்டால் என்ன என்று ஜெபசிங் கேட்டிருக்கிறார். உழவுக்கூலி மிச்சம் என்று அண்ணாச்சி சம்மதித்திருக்கிறார்.

சனிக்கிழமை நான் தயாராகத்தான் போனேன். இரண்டு கட்டு பேண்டேஜ், உப்புச் சர்க்கரைப் பொடி, கயிறு, குடை, டார்ச், எலும்பு முறிவு வைத்தியர் ஒருவரின் போன் நம்பர். இதுபோக, பகவதியின் சைக்கிள் கம்பியில் அவளுடைய ரத்த வகையைக் காகிதத்தில் பெரிதாக எழுதி ஒட்டினேன்.

பகவதி அதைப் பார்த்துவிட்டு, "நான் நர்ஸாக்கும். தெனமும் வெட்டுப்பட்டவனையும் விழுந்தவனையும் பாக்கேன். நீங்க வெங்காயம் வெட்டையிலயே கத்துதிய. யாருக்கு யாரு பேண்டேஜ் கொண்டு வாறது?" என்றாள்.

பந்தயத்தில் மொத்தம் பதினாறு பெண்கள். திருவனந்தபுரத்திலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள் பாதிப் பேர். ஒவ்வொருத்தி சைக்கிளும் ஒரு சுண்டுவிரலால் தூக்குகிற கனம். வயதில் மூத்தவள் பகவதி. ஆறு சுற்று. இதில் ஒரு விதி உண்டு என்று காவ்யா எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். "முன்னால போறவ ஒரு முழு ரவுண்டு கூடுதலா ஓட்டி, பின்னாலயே வந்து நம்மளப் பிடிச்சிட்டான்னு வைங்க, செவப்புக் கொடி காட்டுவாங்க. வெளிய போயிரணும். பிடிபடாம தப்பிச்சவங்களுக்குத்தான் கடைசி ரவுண்டு தொடங்கையில மணி அடிப்பாங்க."

அம்மாவுக்கு ஜெயிக்கிற ஆசையெல்லாம் இல்லை, அந்த மணி தனக்காக அடிக்கக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என்றும் சொன்னாள். ஆறு மாதமாக விடியற்காலையில் எழுந்து ஓட்டியது இதற்குத்தானாம். (நான் அதை சர்க்கரை நோய்க்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சர்க்கரை இல்லை. எனக்குத்தான் உண்டு.)

சனிக்கிழமை மணி அடிக்கவில்லை. நாலாவது சுற்றில், தொளிக்குள் அவள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தபோது, வரப்பில் நின்ற மற்றவர்கள் "வேகம்! வேகம்!" என்று கத்த, நான் மட்டும், "பைய! பைய!" என்று கத்தினேன். பந்தயத்தில் மெதுவாகப் போ என்று கத்துகிற ஒரே மனிதர் யார் என்று பகவதி திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே முகம் குப்புறத் தொளியில் விழுந்தாள். எழுந்து, துப்பிவிட்டு, மறுபடி நடந்தாள். ஆனால் அடுத்த வளைவில் சிவப்புக் கொடி நின்றது.

"கொள்ளாம் அக்கா, நல்லா ஓட்டினீங்க. இன்னைக்கு இம்மட்டும் போரும்" என்றார் ஜெபசிங்.

பகவதி தோப்பில் போய் உட்கார்ந்தாள். முகத்தில் இருந்த சேற்றை அரை மணி நேரம் துடைக்கவே இல்லை. பத்தொன்பது வருஷம் இரவு டியூட்டி பார்த்தவள். அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தவறு என்னுடையது என்று எந்த முட்டாளுக்கும் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கியது வேறு: எல்லாவற்றுக்கும் காரணம் அந்தத் தொளிதான்.

ஆறு மணி இருக்கும். எல்லாரும் ரோட்டோரக் கடைக்கு டீ குடிக்கப் போனார்கள். செருப்பைக் காணவில்லை, தேடி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று நான் பின்தங்கினேன். (செருப்பு காலில்தான் இருந்தது. யாரும் கீழே பார்க்கவில்லை.) பம்புசெட் சுவரில் அண்ணாச்சியின் மண்வெட்டி சாய்ந்திருந்தது. எடுத்துக்கொண்டு வயலின் தாழ்ந்த மூலைக்குப் போனேன். மடையில் நாலே நாலு வெட்டு. தண்ணீர் கலகலவென்று ஓடைக்குள் பாய்ந்தது. மண்வெட்டியை வரப்பிலேயே போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, அவளுக்காக மலையைப் பிளந்தவன் மாதிரி நடந்து டீக்கடைக்குப் போனேன். இரண்டு வாழைக்காய் பஜ்ஜி அதிகமாகவே தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனை முடிந்து வருகிறவர்களுக்காகப் பந்தயத்தைப் பத்தரைக்கு வைத்திருந்தார் ஜெபசிங். போகிற வழியில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து பகவதி சொன்னாள்.

"நேத்து எனக்குத் தெம்பு தந்தது அந்தத் தொளி ஒண்ணுதான், கேட்டியளா? மணல்ல அந்தப் பிள்ளையள் பறக்கு. எனக்கு அது முடியாது. ஆனா தொளியில அதுகளுக்கு நடக்கத் தெரியல்ல. நான் சின்னதுல அம்மைகூட நடவுக்குப் போனவ. அந்த எடத்துலதான் ஒவ்வொரு ரவுண்டும் நாலு பேர முந்தினேன். தண்ணி நிக்குத தொளின்னா சைக்கிளையும் கழுவி விட்டுரும். இன்னைக்கும் தொளி அப்படியே இருந்தா தப்பிச்சிருவேன்."

ஸ்கூட்டர் ஒரு தடவை ஆடியது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. பள்ளம்."

"பள்ளமா? ரோடு இப்பத்தானே போட்டிருக்கு?"

தோப்புக்கு வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு வயலைப் பார்க்க ஓடினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒன்பதரை மணி வெயிலில் வயல் முழுவதும் கறுப்பு அல்வா மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. ஒரு குச்சியை எடுத்துக் குத்திப் பார்த்தேன். குச்சி திரும்பி வர மறுத்தது. அப்பாவின் கத்தல் மொத்தமும் முப்பது வருஷத்துக்குப் பிறகு ஒரே நேரத்தில் காதில் விழுந்தது.

துப்பறியும் கதைகளில் குற்றவாளி எப்படியும் குற்றம் நடந்த இடத்துக்குத் திரும்பி வருவான். நான் அந்த மடை மூலை இருக்கிற திசையைக்கூடப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் பம்புசெட் தொட்டியிலிருந்து வாளியில் தண்ணீர் மொண்டு வந்து வயலில் ஊற்ற ஆரம்பித்தேன். அரை ஏக்கர் வயல். ஒரு வாளி. மூன்றாவது வாளியில் தாணு அண்ணாச்சி வந்து நின்றார்.

"என்னவே, வயலுக்கு வாளியில தண்ணி கோருதீரு? கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா?"

"இல்ல அண்ணாச்சி. சும்மா. காலு கழுவலாம்னு."

"கால கழுவுததுக்கு வயலுக்குள்ள எறங்குத மொத ஆளு நீருதான்."

வாளியை வைத்துவிட்டேன். 

அன்று எனக்கும் காவ்யாவுக்கும் வேலை கொடுத்திருந்தாள் பகவதி. தொளி முடிந்து ஏறுகிற இடத்தில் கயிறு கட்டி ஒரு சின்ன இடம் ஒதுக்கியிருந்தார்கள். பிட் என்பார்கள். சைக்கிள் கெட்டுப்போனால் அந்தக் கயிற்றுக்குள் மட்டும் மாற்றிக்கொள்ளலாம், வேறெங்கும் யாரும் கை கொடுக்கக்கூடாது. நாங்கள் காவ்யாவின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

விசில் அடித்தது. முதல் சுற்றில் திருவனந்தபுரத்துப் பெண் ஒருத்தி மற்றவர்களை மணலிலேயே விட்டுவிட்டு வந்தாள். தொளிக்குள் அப்படியே சைக்கிளை விட்டாள். பத்து முழம் போனது. பிறகு சக்கரத்தில் சேறு அப்பி, கம்பிக்கும் சக்கரத்துக்கும் நடுவே அடைத்து, சைக்கிள் நட்டுவைத்த தென்னங்கன்று மாதிரி நின்றது. பின்னால் வந்தவர்களும் வரிசையாக நட்டுவைக்கப்பட்டார்கள். ஒருத்தி அழுதாள். ஒருத்தி மலையாளத்தில் தொளியைத் திட்டினாள். (தொளியைத்தான் என்று அவள் நினைத்தாள். ஒவ்வொரு சொல்லும் வந்து விழுந்தது என்மேல்.)

பகவதி வரப்பிலேயே இறங்கிவிட்டாள். சக்கரம் சேற்றைத் தொடுமுன் சைக்கிளைத் தோளில் போட்டாள். பிறகு நடவு நடுகிற பெண்கள் நடப்பது போல, குதிகாலை முதலில் பிடுங்கி, விரலைப் பிறகு எடுத்து, ஒரு தாளத்தில் நடந்தாள். அப்படியும் கரையேறும்போது சைக்கிளில் நாலு கிலோ மண். பிட்டுக்குள் வந்து அதைப் போட்டுவிட்டு மற்றதை எடுத்தாள்.

"தண்ணிய எவன் வடிச்சான்? அவன் கையில கெடச்சா..." என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

காவ்யா என்னைப் பார்த்தாள். "அப்பா, ஏன் உங்களுக்கு இப்பிடி வேர்க்கு?"

"வெயிலு, மக்கா."

"நாம நெழல்ல நிக்கோம்."

நான் தேங்காய்ச் சிரட்டையை எடுத்துச் சைக்கிளைச் சுரண்டினேன். அவள் அடுத்த சுற்று வருவதற்குள் ஒரு சைக்கிளைச் சுரண்டிக் கழுவி வைக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றும் ஏழெட்டு நிமிஷம். என் ஜென்மத்தில் நான் அவ்வளவு வேகமாக வேலை பார்த்ததில்லை. என் அலுவலகத்தில் கேட்டால் அதை உறுதிப்படுத்துவார்கள். சுரண்டுகிற நேரத்தில் சுசீந்திரம் தாணுமாலயனுக்கு வேண்டிக்கொண்டேன். முதல் சுற்றில் ஒரு அர்ச்சனை. மூன்றாவது சுற்றில் மொட்டை. நாலாவதில் இனி வாழ்நாளில் மண்வெட்டியைத் தொடுவதில்லை.

ஒவ்வொருவராகப் பந்தயத்தை விட்டு வெளியே போனார்கள். சிலர் சைக்கிள் கெட்டு, சிலர் சிவப்புக் கொடிக்கு. ஐந்தாவது சுற்றின் கடைசியில் பகவதி தொளிக்குள் இறங்கியபோது, திருவனந்தபுரத்துப் பெண் தன் ஆறு சுற்றையும் முடிக்க அவளுக்குப் பின்னாலேயே வந்துவிட்டாள். இருவருக்கும் நடுவே ஒரு வயல் நீளம்கூட இல்லை. தொளியைக் கடந்து நூறு அடி போனால் கோடு. பிடிபடாமல் பகவதி அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் மணி. தாண்டாவிட்டால் கொடி. ஜெபசிங் இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது பகவதியின் இடது கால் ஷூ தொளிக்குள் மாட்டிக்கொண்டது. காலை இழுத்தாள். கால் வந்தது. ஷூ வரவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததை நான் செய்யவில்லை. என் கால்கள் செய்தன. கயிற்றைத் தாண்டி, "நான் எடுத்துத் தாறேன்!" என்று கூவிக்கொண்டு வயலுக்குள் பாய்ந்தேன். மிதிபட்டு இறுகிய தடத்தில் போயிருக்கலாம். நான் குறுக்கு வழியில் போனேன். நாலாவது எட்டில் இரண்டு காலும் முழங்கால் வரை இறங்கின. குனிந்து எட்டி ஷூவைப் பிடுங்கிவிட்டேன். நீட்டினேன்.

ஜெபசிங்கின் விசில் காதைக் கிழித்தது. "அண்ணா, குடுக்கப்பிடாது! நீங்க தொட்டா அக்கா அவுட்டு!"

கை அப்படியே நின்றது. பகவதி என்னைப் பார்த்தாள். பின்னால் அந்தப் பெண் சைக்கிளோடு வந்துகொண்டிருந்தாள். வரப்பு முழுவதும் ஜனம். நேற்று மாலையிலிருந்து அடைத்து வைத்திருந்தது என் வாயைப் பிய்த்துக்கொண்டு வந்தது.

"பகவதி! மடையைத் தொறந்தது நான்தான்! நேத்து சாயங்காலம்! நீ விழப்பிடாதுன்னுதான்! நான்தான்!"

வரப்பிலிருந்த அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒரு கொக்குகூட என்னைத் திரும்பிப் பார்த்தது.

பகவதி, "அங்கயே நில்லுங்க!" என்று சொல்லிவிட்டு, ஒரு காலில் ஷூ, ஒரு காலில் வெறும் தொளியோடு கரையேறினாள். நான் வயலில் சிக்கி நின்றதால் காவ்யாதான் சைக்கிளை மாற்றிக் கொடுத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நூறு அடிக்கு எத்தனை நேரமாகும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது முடிந்தபோது, மணிச் சத்தம் கேட்டது.

எட்டு அடி வித்தியாசம் என்று பிறகு காவ்யா சொன்னாள்.

கடைசிச் சுற்றை பகவதி ஒற்றையாக ஓட்டினாள். மற்றவர்கள் எல்லாரும் முடித்துவிட்டு, தோப்பில் இளநீர் குடித்துக்கொண்டே அவளுக்குக் கை தட்டினார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மனைவி சொல்லை மதித்து என்று சொல்ல ஆசைதான். கால் வரவில்லை என்பதுதான் உண்மை. அந்த எட்டு நிமிஷமும் வயலின் நடுவே, ஷூவைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். சில பேர் போட்டோ எடுத்தார்கள்.

தொளிக்கு அவள் திரும்பி வந்தபோது, சைக்கிளைத் தோளில் வைத்தபடி என்னைத் தாண்டிப் போனாள். மூச்சு வாங்கிக்கொண்டே, நிற்காமல், கேட்டாள்.

"மடையையா தொறந்திய?"

"ஆமா."

"வீட்டுக்கு வாங்க."

அவள் கோட்டைத் தாண்டிய பிறகுதான் தாணு அண்ணாச்சி தென்னை மட்டையைப் போட்டு, கயிறு கட்டி என்னை வெளியே இழுத்தார். (கயிறு என்னுடையது. சனிக்கிழமை கொண்டுபோனதில் பயன்பட்டது அது ஒன்றுதான்.) கரையில் என்னை உட்கார வைத்துவிட்டு அவர் கேட்டார்.

"நீரு எந்த மடையத் தொறந்தீரு?"

கையைக் காட்டினேன்.

"அப்ப அந்த எரப்பாளி நீருதானா! மம்பட்டிய எடுக்க ஆறரைக்கு வந்தேன். மட தொறந்து கெடக்கு. எவனோ சின்னப்பய வெளயாடியிருக்கான்னு அப்பவே அடச்சிட்டுப் போயிட்டேனே. ஒரு வெரல் அளவு தண்ணிகூட போயிருக்காது."

"அப்ப மீதித் தண்ணி?"

"கெழக்கு வரப்ப பாத்தீரா? பூரா புது நண்டு வளையாக்கும். ராத்திரியோட ராத்திரியா அதுவழியா ஒழுகிப் போயிருக்கு. காலையிலயே பாத்துட்டேன். நீரு கேட்டிருந்தா சொல்லியிருப்பேம்லா."

பகவதி ஒற்றை ஷூவோடு வந்து பின்னால் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். சேற்றோடு தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர அவள் சிரித்த சிரிப்பு, முதல் நாள் அவள் சேற்றைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்ததைவிட எனக்கு அவமானமாக இருந்தது. பரவாயில்லை.

இன்றைக்கு எங்கள் வீட்டில் குழம்பில் உப்புக் கூடினாலும், கரண்டு போனாலும், டி.வி. ரிமோட்டைக் காணாவிட்டாலும், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே காவ்யா கையைத் தூக்கி, "நான்தான்! நேத்து சாயங்காலம்! நீ விழப்பிடாதுன்னுதான்!" என்று என் குரலிலேயே கத்துகிறாள். சொந்தக்காரர் கல்யாணங்களில் முன்பின் தெரியாதவர்கள் என்னிடம் வந்து, "மடை அண்ணாச்சி நீங்கதானே?" என்று கேட்கிறார்கள். நானும் ஆமாம் என்கிறேன். நண்டைப் பற்றிச் சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை.

ஆனாலும் எழுதிவைக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பதினாறு பேர் தொடங்கினார்கள், ஒன்பது பேர் முடித்தார்கள், பகவதி ஒன்பதாவது. தண்ணீரை வடித்தது நண்டு.